அழித்த பிறகும் கேட்ட குரல்

நான் என்ன வேலை செய்கிறேன் என்று அம்மாவுக்குப் பலவிதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் "கம்ப்யூட்டருக்குள்ள பெருக்குற வேலை" என்றேன். தில்லியில், லக்ஷ்மிபாய் நகர் அரசு குவார்ட்டர்ஸில் வீடு வீடாகப் பெருக்கித் துடைப்பவள் அம்மா. "இதுக்காடி இவ்ளோ படிச்ச?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிப் போனாள்.

நான் சொன்னது பொய்யில்லை. லிஸ்ப் என்பது மிகப் பழைய கணினி மொழி. அதன் சிறிய வடிவம் ஒன்றைப் பல ஊர்களில் இருக்கும் சிலர் சேர்ந்து வளர்த்துவருகிறோம். எங்கள் மொழி தனியாக ஓடுவதற்கானது அல்ல. இன்னொரு நிரலுக்குள் போய்க் குடியிருப்பதற்கானது. ஒரு கைக்கடிகார அளவு பெட்டிக்குள்ளும் அடங்கும். அப்படிச் சின்ன இடத்தில் குடியிருக்கும்போது, இனி யாருக்கும் தேவைப்படாதது எது என்று பார்த்துப் பார்த்து அதன் இடத்தைக் காலி செய்துகொண்டே இருக்க வேண்டும். அந்தத் துப்புரவுப் பகுதியை முழுவதும் எழுதியது நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் மாணவியாக நுழைந்த முதல் ஆள் நான். கட்டட வேலைக்கு வந்த அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்தின் சுவரைத்தான் பார்த்திருக்கிறார்கள். நான் எழுதியதைப் படித்துவிட்டு, ஏதோ ஒரு நாட்டிலிருந்து முகம் தெரியாத ஒருவர், இதில் தொடுவதற்கு ஒன்றும் இல்லை என்று எழுதினார். அந்த மின்னஞ்சலை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

மொழியை ஒரு நிஜ வீட்டில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியபோது, அம்மா வேலை செய்யும் வீடுகளில் ஒன்றைக் கேட்டேன். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், அவர் மனைவி, அவர்களுடைய மகள். மகளுக்கு மத்திய அரசு உத்தியோகம், குவார்ட்டர்ஸ் அவள் பெயரில். அவர்கள் வீட்டுக்கு ஒரு சின்னப் பெட்டி செய்து கொடுத்தேன். அது அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காட்டும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை நேரத்தை நினைவுபடுத்தும். பஸ்ஸர் சத்தம் வைக்கட்டுமா என்று கேட்டதற்கு வீட்டம்மா சிரித்தார். "பஸ்ஸர் அடிச்சா இவர் எழுந்திருக்க மாட்டார். நான் கேட்டாத்தான் போடுவார்" என்று சொல்லி, தானே குரல் கொடுத்தார். "மாத்திரை போட்டாச்சா?" அந்த ஒரே வரி. ஒரே தடவையில் பதிவு முடிந்தது.

குளிர் விடும் நேரத்தில் வீட்டம்மா இறந்துபோனார். காரியத்துக்கு வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, அலமாரி மேலிருந்து அவர் குரல் மாத்திரை போட்டாச்சா என்று கேட்டதாம். யாரோ ஒருத்தர் எழுந்து வெளியே போய்விட்டாராம். மறுநாள் பெரியவர் என்னைக் கூப்பிட்டு, அதை எடுத்துவிடச் சொன்னார்.

சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு எடுத்தேன். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தாமலே திருத்துவது எங்கள் மொழியின் பழக்கம். மாத்திரை நேரத்தில் குரலுக்குப் பதில் பஸ்ஸர் என்று புதிய வரையறையை அனுப்பினேன். பழைய குரலைப் பிடித்துக்கொண்டிருந்த எல்லாக் கயிறும் அறுந்தது. அடுத்த துப்புரவில் அது போய்விடும். அங்கேயே உட்கார்ந்து, அது போனதைத் திரையில் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

வெயில் ஏறி, மதியங்களில் கரண்ட் போய் வர ஆரம்பித்த பிறகு, பெரியவர் தன் மகளிடம், உன் அம்மா என்னைக் கூப்பிடுகிறாள் என்று சொன்னார். மகள் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் இன்னும் சில மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார். மகள் என்னைப் போனில் கூப்பிட்டு அந்தப் பெட்டியால் இன்னும் பேச முடியுமா என்று கேட்டாள். முடியாது, அழித்ததை நானே பார்த்தேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் நாள் முழுக்க அந்த அறையிலேயே இருந்து பார்த்திருக்கிறாள். பஸ்ஸர் அடிக்கும், அவ்வளவுதான். ஜூன் முடிவதற்குள் அவரைக் கோயம்புத்தூர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ப்பது என்று முடிவாகி, டிக்கெட்டும் போட்டாகிவிட்டது.

அம்மாதான் அதை வந்து சொன்னாள். "ஐயா சாப்பிடவே மாட்டேங்கிறாரு. அங்க போனா ஒரு மாசம்கூட தாங்க மாட்டேன், எனக்குத் தெரிஞ்ச ஊரு இதுதான்னு என்கிட்ட சொல்றாரு. என்கிட்ட சொல்லி நான் என்னாடி பண்ண?"

பெட்டியை எடுத்துவந்துவிடலாம் என்று ஒரு வேலைநாள் மதியம் போனேன். கரண்ட் அப்போதுதான் திரும்பி வந்திருந்தது. கூலரில் தண்ணீர் இல்லை, அது வெறும் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. பெரியவர் பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து வாசல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பஸ்ஸர் அடித்தது. அது அடித்து முடியும் முன்பே, அதே பெட்டியிலிருந்து, "மாத்திரை போட்டாச்சா?"

சமையலறையில் தண்ணீர் சத்தம் நின்றது.

"போட்டாச்சு" என்றார் பெரியவர், தலையைத் திருப்பாமல். பிறகு என்னைப் பார்த்து, "உட்காரும்மா, டீ போடச் சொல்றேன்" என்றார்.

அழித்தது அழிந்ததுதான் என்பது என் வேலையின் அடிப்படை. அது பொய்யானால் என் வேலையில் மிச்சம் ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலமே மகளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. பாவம் பார்த்து நானும் அம்மாவும் அவருக்காகப் பேசுகிறோம் என்றாள். போனில் பதிவு செய்து காட்டட்டுமா என்று கேட்டேன். "என் போன்லயும் அம்மா குரல் இருக்கு. அதைப் போட்டுக் காட்டினா நம்பிடணுமா?" என்றாள்.

பெட்டியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தகரக் கூரைக்குக் கீழே, அடுப்பு மாதிரிக் கொதிக்கும் அறையில், மதியம் முழுக்க வைத்துப் பார்த்தேன். பஸ்ஸர் மட்டும். ஆபீஸ் ஏசியில் வைத்துப் பார்த்தேன். பஸ்ஸர் மட்டும். மொழியை வளர்க்கும் மற்றவர்களுக்கு எழுதினேன். குரலின் இன்னொரு நகல் எங்காவது இருக்கும், தேடு என்றார்கள். தேடினேன், இல்லை. ஆனால் திரும்ப அந்த அலமாரி மேல் வைத்த மறுநாளே அது பேசியதாக அம்மா சொன்னாள்.

"அது நம்ம வீட்டுக்கெல்லாம் வராது. அவங்க வீட்டுலதான் இருக்கு" என்றாள். அதை அவள் பயந்து சொல்லவில்லை. யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தக் கூடத்தைத் துடைக்கும்போது, போய் வரேம்மா என்று அலமாரியைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் வருகிறாள் என்று தெரிந்தது.

நான் மறுபடியும் மதியங்களில் அங்கே போய் உட்கார்ந்தேன். ஒரு நாள் குரல் கேட்ட அதே கணத்தில் பெட்டியின் நினைவகம் முழுவதையும் அப்படியே மடிக்கணினிக்குள் நகலெடுத்தேன். அதில் பழைய குரல் இருந்தது. அறுந்த கயிறுகளோடு, யாரும் பிடிக்காமல், அதன் பழைய இடத்தில், முழுசாக இருந்தது. துப்புரவு ஏன் அதைத் தொடவில்லை என்று பார்த்துக்கொண்டே போனபோது, வேறொரு மூலையில் ஒரு எண் கண்ணில் பட்டது.

எங்கள் மொழி இன்னொரு நிரலுக்குள் குடியிருப்பது என்றேன். அந்த வீட்டுக்கார நிரல் வைத்திருக்கும் எண்களில் எது வெறும் எண், எது ஒரு பொருள் இருக்கும் இடத்தின் முகவரி என்று துப்புரவுக்குத் தெரியாது. அதனால் ஒரு விதி வைத்திருந்தேன்: முகவரி மாதிரித் தெரிந்தால், அங்கே இருப்பது யாருக்கோ வேண்டும் என்று எடுத்துக்கொள், தொடாதே. இப்படி விதி வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம்தான். அந்தப் பெட்டியின் சென்சார், ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஒரே பெரிய எண்ணாகக் கொடுக்கும். காற்றில் ஈரம் முப்பத்திரண்டு சதவீதம், வெப்பமும் கிட்டத்தட்ட அதே முப்பத்திரண்டு டிகிரி என்று ஆகும்போது அது கொடுத்த எண்ணும், இறந்தவரின் குரல் இருந்த முகவரியும் ஒன்று.

மற்றது தானாக விளங்கியது. நான் பழைய குரலின் மேல் ஒரு திருத்தத்தைத்தான் வைத்திருந்தேன். கரண்ட் போய் வரும்போதெல்லாம் பெட்டி முதலிலிருந்து தொடங்கும். பழைய குரலை ஏற்றும், பிறகு திருத்தத்தை ஏற்றும், பழையது அநாதையாகும், துப்புரவு அதை எடுத்துப் போடும். அந்த நேரத்தில் அறையின் காற்று அந்த ஓர் அளவில் இருந்தால் மட்டும் எடுக்காது. மாத்திரை நேரம் வந்ததும், துப்புரவில் தப்பியிருப்பதை எல்லாம் பெட்டி கூப்பிடும். காற்று கொஞ்சம் மாறினால் போதும், அவர் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை மகள் ஏசி போட்டுக் கதவைச் சாத்தியிருப்பாள்.

அவர் போய்விடுவார் என்று எழுதிவிட்டேன். குரல் போய்விடும் என்று எழுதியிருக்க வேண்டும்.

டிக்கெட் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மகளை அரை நாள் லீவு போட வைத்தேன். ஏசி கூடாது, கூலர் கூடாது என்றேன். துப்பட்டாவால் விசிறிக்கொண்டு அவள் சோபாவில் உட்கார்ந்தாள். பெரியவர் வழக்கமான நாற்காலியில் இருந்தார். ஜன்னலில் நனைத்த துண்டைக் கட்டி, நான் சொல்லச் சொல்ல அம்மா அதை விரிப்பதும் சுருட்டுவதுமாக இருந்தாள். நான் பெட்டியின் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரம் இறங்கியது, வெப்பம் ஏறியது. ஒருவர் வந்து உட்காருவதற்காக அறையை ஆயத்தம் செய்வது போலிருந்தது. பெட்டி தொடங்கியதுமே மாத்திரை நேரம் வரும்படி மாற்றிவைத்திருந்தேன். அளவு வந்ததும் ப்ளக்கைப் பிடுங்கிச் செருகினேன். பஸ்ஸர் மட்டும் அடித்தது. எண் அதற்குள் ஒரு புள்ளி நகர்ந்துவிட்டிருந்தது. மறுபடியும் செய்தேன். மறுபடியும் பஸ்ஸர் மட்டும்.

"பஸ், போதும்" என்று மகள் எழுந்தாள். "வெக்கையில உட்கார வச்சு என்னையும் பைத்தியம் ஆக்காதே."

அம்மா துண்டை ஒரு மடிப்பு விரித்தாள். திரையைப் பார்த்துவிட்டு ப்ளக்கைச் செருகினேன்.

"மாத்திரை போட்டாச்சா?"

மகள் நின்ற இடத்திலேயே நின்றாள். "போட்டாச்சு" என்றார் பெரியவர். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், பிறகு மெதுவாக அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அங்கிருந்தே என்னிடம் கேட்டாள். "மதலப், அதாவது, இதுல இருக்கறது இந்த ஒரு வரிதானே?"

"ஒரே வரிதான் மேடம். நான்தான் பதிவு பண்ணினேன்."

"அப்பா, நீங்க கேட்டதும் இதுதானே?"

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "இதுதாம்மா" என்றார்.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்தபடி போனை எடுத்து டிக்கெட்டை ரத்து செய்தாள். புது மாத்திரைகளை எடுத்து என் அம்மாவிடம் கொடுத்துக் குப்பையில் போடச் சொன்னாள். டாக்டரை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

என்னை ஆட்டோ ஏற்றிவிடப் பெரியவர் கீழே இறங்கி வந்தார். படிக்கட்டின் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீ கெட்டிக்காரிம்மா. காத்து, ஈரம், நம்பர் எல்லாம் எனக்குப் புரிஞ்சுது. ஆனா அவ அடுப்பு காஸை மூடியாச்சான்னும் கேக்கறாளே. அது எந்த நம்பர்ல இருக்கு?"

அது இல்லை என்றேன். பெட்டியில் அந்த வரி இல்லவே இல்லை என்றேன்.

"அச்சா" என்றார். "அப்ப மேல என் பொண்ணுகிட்ட சொல்ல வேண்டாம்."

நான் சொல்லவில்லை. மகள் கேட்டது பெட்டியைப் பற்றி. பெட்டியைப் பற்றி நான் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் சரி. அதை யாரும் என்னிடம் தப்பென்று காட்ட முடியாது.

சென்சார் எண்ணை முகவரி என்று எண்ணாதபடி துப்புரவைத் திருத்தினேன். அது எங்கள் மொழியின் அடுத்த வெளியீட்டில் என் பெயரோடு போயிற்று. பெரியவர் வீட்டுப் பெட்டியிலிருந்து பழைய குரலை அடியோடு எடுத்து, மகளுடைய போனில் ஏற்றிக் கொடுத்தேன். முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டில் பல மதியங்கள் வைத்துப் பார்த்தாகிவிட்டது. பஸ்ஸர் மட்டும்தான்.

பெரியவர் தில்லியிலேயே இருக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார். பஸ்ஸர் அடித்ததும் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார் என்று அம்மா சொல்கிறாள். சற்று நேரம் கழித்து, அறையில் எந்தச் சத்தமும் இல்லாதபோது, "மூடியாச்சு" என்கிறாராம். ஒருநாள் அம்மா ஈரக் கையோடு திரும்பி அடுப்பைப் பார்த்தாளாம். காஸ் திறந்திருந்ததாம். மூடிவிட்டு வந்ததாகச் சொன்னாள்.