துபாய்ப் பேனாவும் தென்காசி ஊசியும்

என் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த இன்சுலின் பேனாவை என் வீட்டுக்காரர் எங்கள் ஊர் மேலகரம் முழுக்கக் காட்டிவிட்டார். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் புது ஊசி மாட்டிக் காட்டியதில், இன்று காலை அவருக்குப் போட ஓர் ஊசிகூட மிச்சமில்லை. போடாமல் இட்லியும் கொடுக்க முடியாது.

தென்காசி மருந்துக்கடைக்கு ஓடினேன். கடைக்கார அண்ணாச்சி இருந்த ஊசியையெல்லாம் பொருத்திப் பார்த்தார். ஒன்றும் பேனாவின் மரையில் ஏறவில்லை.

"இதுக்கு ஊசி இங்கன கிடைக்காதுக்கா. பிளாஸ்டிக் சிரிஞ்சும் தீந்துபோச்சு. வீட்டுல பழைய கண்ணாடி சிரிஞ்சு இருக்கா?"

"அவிய தூரப் போடச் சொன்னாவ அண்ணாச்சி. நான்தான் சாமி அலமாரில ஒளிச்சு வச்சிருக்கேன்."

இன்சுலின் புட்டி வாங்கிவந்து, சிரிஞ்சைக் கொதிக்கவைத்துப் போட்டுவிட்டேன். இட்லி சாப்பிட்டுவிட்டு அவர் கோயிலுக்குக் கிளம்பினார், சட்டைப்பையில் பேனாவோடு.

வழியில் பார்ப்பவர்கள் பேனாவைப் பாராட்டிவிடுங்கள். அதற்குப் பொருந்தும் ஊசி வைத்திருப்பவர்கள் மட்டும் என்னிடம் சொல்லுங்கள்.