சூரத்தில் வைரம் தீட்டியவர்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்குள் ரயில் மெதுவாக நுழைகிறது. எதிர் சீட்டில் இருக்கும் ராஜபாளையத்துக்காரர் என் மூக்குத்தியைப் பார்த்துப் பேச்சுக் கொடுக்கிறார். இளவயதில் சூரத்தில் வைரம் பட்டை தீட்டியவராம்.

"நம்ம ஊர்ப் பயலுவ எட்டுப் பேரு ஒரே ரூம்ல. பாட்டும் சிரிப்புமா கெடப்போம், தாயி. அந்த நாளு இனி வராது."

குரல் தாழ்கிறது. "சாயங்காலம் வாயைத் தொறக்கச் சொல்லி டார்ச் அடிச்சுப் பாத்துத்தான் வெளிய விடுவாக. ஒருநாள் ஒரு கல்லு காணலைன்னு கூட்டாளி முருகேசனை அடிச்சுத் தொரத்திட்டாக. பொறவு மெஷினுக்கு அடியிலயே கெடந்துச்சு."

"அவரைத் திரும்பக் கூப்பிட்டாங்களா?" என்கிறேன்.

"கல்லை மட்டும் எடுத்துக்கிட்டாக. மறுநாளே நானும் ஊருக்கு வந்துட்டேன்."

ரயில் நிற்கிறது. பிளாட்பாரத்தில் ஒரு நரைத்த தலை ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்து வருகிறது.

"ஏலே முருகேசா, இங்கன வாலே!" என்று இவர் கத்துகிறார். அந்தக் குரலுக்கு இருபது வயதுதான் இருக்கும்.