கண்ணாடி அலமாரியின் சாவி

போன வாரம் பேத்தி என்னைச் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் புதிதாகத் திறந்திருக்கும் காப்பிக்கடைக்கு அழைத்துப் போனாள். நம் காலத்துக் காப்பிக்கடையை நினைத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே பழைய விஞ்ஞானக் கருவிகளாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். மூலையில் நிலம் அளக்கிற தியோடலைட், சுவரில் காற்றழுத்தமானி, எங்கள் மேசை நடுவில் பூச்சாடி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பித்தளை நுண்ணோக்கி. என் கை தானாகப் போய் அதன் பக்கத்துத் திருகைப் பிடித்தது. பரிமாறுகிற பெண் ஓடி வந்தாள்.

"அங்கிள், தொடாதீங்க லா. அது டிஸ்பிளேக்கு மட்டும்தான்."

பேத்திக்கு வெட்கம். எனக்குச் சிரிப்பு. இதே வார்த்தையை நானும் ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறேன். இந்தப் பெண் அளவுக்கு மரியாதையாகக்கூடச் சொல்லவில்லை.

விரலை மோந்து பார்த்தேன். பித்தளை பாலிஷ் வாடை. அந்த வாடைக்கு என்னை ஐம்பதுகளின் கடைசிக்குக் கொண்டுபோகத் தெரியும். அப்போது நான் துறைமுகத்தருகே ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. கெர்போ ரோட்டில் ஒரு மசாலா மில்லுக்கு மேலே அறை. கீழே மிளகாய் அரைத்தால் மேலே நான் தும்முவேன். உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும். இரண்டு வருஷத்தில் மூன்று வேலை மாறியிருந்தேன். என்னத்தைத் தேடினேன் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கால்கள் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தைக்குப் போய்விடும்.

பக்கத்துக் கால்வாய் நாறும். அந்த நாற்றத்தின் கரையில் சாக்கை விரித்து உலகத்தையே கொட்டி வைத்திருப்பார்கள். பட்டாளத்துப் பூட்ஸ், ஒற்றைக் காது ஹெட்போன், கப்பலிலிருந்து கழற்றிய திசைகாட்டி. எனக்குப் பழக்கமான சீனக் கிழவர் ஒருவர், நான் தூரத்தில் வரும்போதே எதையாவது தூக்கிக் காட்டுவார். "அம்பெல் லா, பாகுஸ் பாராங்!" எடுத்துக்கோ, நல்ல சாமான் என்று அர்த்தம். பித்தளையாக இருந்தால் போதும், எடுத்துக்கொள்வேன். எது எதற்கு உபயோகம் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. அறைக்கு வருகிறவர்களிடம், அங்கே வாங்கிய ஒரு தியோடலைட்டைக் காட்டி, நட்சத்திரங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அளப்பது என்று அடித்துவிடுவேன். ஒரு நாள் வந்தவர் நில அளவைத் துறையில் வேலை பார்ப்பவர். அவர் காப்பியைக் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

பிறகு கல்யாணம். கனகா சிரம்பானில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். குவீன்ஸ்டவுனில் ஐந்தாம் மாடியில் வீடு கிடைத்தது. கட்டில் வாங்குவதற்கு முன்பே கண்ணாடி அலமாரி வாங்கினேன். வந்த முதல் வாரமே அவள், புருஷனைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்து, திசைகாட்டியைப் புளி போட்டுத் தேய்த்துக் குத்துவிளக்கு மாதிரி கவிழ்த்து வைத்திருந்தாள். நான் போட்ட சத்தத்தில் தாழ்வாரத்துக் கதவுகள் எல்லாம் திறந்தன. அன்றைக்கே அலமாரிக்குப் பூட்டு வந்தது. சாவி என் சட்டைப் பையில்.

நுண்ணோக்கி அதற்குப் பிறகு வந்தது. மரப்பெட்டியோடு, பார்க்க வேண்டியதை வைக்கிற கண்ணாடிச் சில்லுகளோடு, குறையில்லாமல் கிடைத்தது. அதைப் பார்த்ததும் கனகாவின் முகம் மாறியது.

"ஸ்கூல்ல இருபது பேருக்கு ஒண்ணுதான் இருந்துச்சு. என் முறை வரும்போது பெல் அடிச்சிரும். ஒரு தடவை பார்க்கட்டுமா?"

"தொடாத. கை பட்டா மங்கிடும். இது அழகுக்கு வெச்சிருக்கறது."

அவள் மறுபடி கேட்கவில்லை. அலமாரியைத் துடைக்கும்போது கண்ணாடிக்கு வெளியே மட்டும் துடைப்பாள். எனக்கு அது சௌகரியமாக இருந்தது என்பதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது.

அறுபத்து நான்கு ஜூலையில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கலவரம் வந்தது. ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். கொஞ்ச நேரம் தளர்த்துவார்கள், அரிசிக்கும் மீனுக்கும் ஓடுவோம், மறுபடி அடைத்துவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடச் சும்மா இருக்கத் தெரியாதவன் நாள் முழுக்க வீட்டுக்குள். கதவிலிருந்து ஜன்னலுக்கு ஏழு காலடி, ஜன்னலிலிருந்து கதவுக்கு ஏழு காலடி. எப்போதும் திறந்து கிடக்கும் தாழ்வாரத்துக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. பக்கத்து வீட்டில் ரொக்கயா என்ற மலாய்க்காரப் பெண். கனகா அவளைக் 'காக்' என்று கூப்பிடுவாள், அக்கா என்று பொருள். அவள் புருஷனுக்குத் துறைமுகத்தில் வேலை. வேலைக்குப் போனவன் இரண்டு நாளாகத் திரும்பவில்லை. ஒரு செய்தியும் இல்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் ரொக்கயா கதவைத் தட்டினாள். சீனி கேட்டு வந்தாள். சீனியைக் கொடுத்த பிறகும் போகவில்லை. கையிலிருந்த கிண்ணம் சாய்ந்து, சீனி தரையில் சிந்தியது. கனகா அவளை உட்கார வைத்தாள். உட்கார்ந்தவள் எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள், ஜன்னல் வழியே காலியான ரோட்டைப் பார்த்தாள். என்ன சொல்லித் தேற்றுவது? வந்துவிடுவான் என்று யாரால் சொல்ல முடியும்?

கனகா என் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படி ஒரு குரலில் பேசியதில்லை. கொடுத்துவிட்டேன்.

நுண்ணோக்கியை ஜன்னலோரம் வைத்தாள். அடியிலிருந்த சின்னக் கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மணிபிளாண்ட் கொடி வைத்திருந்த பாட்டிலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர். வருஷக்கணக்கில் செய்தவள் போல் திருகை நகர்த்திவிட்டு ரொக்கயாவைக் கூப்பிட்டாள். ரொக்கயா ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். கனகா திருகை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். பிறகு, "யா அல்லா! ஹிடூப்!" என்று கத்தினாள். உயிரோடிருக்கிறது என்கிறாள்.

அதற்குப் பிறகு அந்த இரண்டு பெண்களும் என்னை மறந்துபோனார்கள். வெங்காயத் தோல், மீன் செதில், உப்பு, ரொக்கயாவின் தலைமுடி, சிந்திய சீனி எல்லாம் கண்ணாடிச் சில்லில் ஏறின. ரொக்கயா நடு நடுவே அழுதாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். எனக்கும் முறை கொடுத்தார்கள். என் கண் இமை மயிர் மட்டும்தான் தெரிந்தது. "ஆமா ஆமா, ஓடுது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். கனகா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை ஒரு லாரி கீழே நின்றது. துறைமுகத்தில் மாட்டிக்கொண்டவர்களை ஏற்றி வந்திருந்தது. ரொக்கயாவின் புருஷன் அதே சட்டையோடு இறங்கினான். ஐந்து மாடியும் அவள் செருப்பில்லாமல் ஓடினாள்.

சாவியை நான் திருப்பிக் கேட்கவில்லை. சில மாதம் கழித்துக் கனகா ஒரு பத்திரிகைத் துண்டைக் காட்டினாள். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்துக்கு உதவியாளர் தேவை, பயிற்சி கொடுப்பார்கள்.

"வீட்ட யாரு பாக்கறது?" என்றேன்.

"நீங்கதான். சும்மா நடந்துகிட்டுதான இருக்கீங்க?"

ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தேன். அவள் பாட்டுக்கு விண்ணப்பம் போட்டாள், வேலையும் கிடைத்தது. சாயங்காலம் பயிற்சிப் பாடத்தை வீட்டு நுண்ணோக்கியில் செய்து பார்ப்பாள். அவள் விரல் படும் இடமெல்லாம் பித்தளை மங்கியது. அலமாரியிலிருந்த மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். அந்த இடத்தில் அவள் புத்தகங்கள் ஏறின. முப்பது வருஷம் அந்த வேலையில் இருந்தாள்.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எட்டு மணிக்கு முன்னால் வீடு திரும்பாதவன் ஐந்தரைக்கே வரத் தொடங்கினேன். உலை வைத்துவிட்டுக் காத்திருப்பேன். லிப்ட் எங்கள் மாடியில் நிற்காது. நாலாம் மாடியில் இறங்கிப் படியேறி வருவாள். செருப்புச் சத்தம் கேட்கும். உள்ளே நுழையும்போதே, "இன்னிக்கு என்ன பாத்தேன் தெரியுமா?" என்று ஆரம்பிப்பாள். என் கால்கள் அந்த நேரத்தில்தான் நின்றன.

அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். ரொக்கயா குடும்பம் வேறு பேட்டைக்குப் போனது, தொடர்பு விட்டுப்போயிற்று. சுங்கை ரோட்டுச் சந்தையையும் மூடிவிட்டார்கள். கனகா போய் நாலு வருஷமாகிறது. இப்போதிருக்கும் வீட்டில் லிப்ட் வாசலுக்கே வருகிறது, படியில் யாரும் ஏறுவதில்லை. ஐந்தரை ஆனால் எழுந்து அரிசி களைகிறேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு போடுவது என்பது மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை.