காலை எடுத்தா நிக்கோணும்

கரண்டு கார் ரிப்பேர் பாக்கறவனுக்கு வண்டி நிலவரம் மட்டும் தெரிஞ்சாப் பத்தாதுங்க, ஊட்டு நிலவரமும் தெரியோணும். ரிப்பேர்காரர் வந்து நின்னதும் மிக்ஸி சமத்தா ஓடி உங்க மானத்தை வாங்கியிருக்குதா? அப்ப நீங்களும் நம்ம கட்சிதான், உக்காருங்க.

ஆஸ்பத்திரி வாசல்ல நின்ன காய்ச்சல்

அவிநாசி சுகுணா அக்கா நாப்பத்தேழு வயசுல கார் ஓட்டக் கத்துக்கிட்டவங்க. அருள்புரத்துல பன்னெண்டு மிஷின் போட்டு குழந்தைங்க பனியன் தைக்கறாங்க. முந்தியெல்லாம் அங்க போகோணும்னா ஊட்டுக்காரர் தங்கராசு அண்ணனுக்கு மில்லு வேலை எப்ப ஒழியுதோ அப்பத்தான். கார் வந்த பொறகு காத்தால ஒன்பதுக்கு டான்னு மிஷின் முன்னாடி நிப்பாங்க.

இந்தக் கரண்டு வண்டியில ஆக்ஸிலேட்டர்லருந்து காலை எடுத்தாவே போதும். வண்டி தன்னைத் தானே இழுத்துப் புடிச்சு, அந்த வேகத்தைக் கரண்டா மாத்தி பேட்டரிக்கு அனுப்பிரும். அக்கா ஓட்டக் கத்துக்கிட்டதே அந்தப் புடிப்பை நம்பித்தான். அது சில நாள் காத்தால மட்டும் காணாமப் போகுது. வண்டி பாட்டுக்கு வழுக்கிட்டுப் போக, பதறிப்போய் பிரேக்கை மிதிச்சதுல, ஒரு பால்காரர் பைக்குக்கு ஒரு சாண் முன்னாடி நின்னுச்சாம். மதியம் என்கிட்ட கொண்டு வந்தாங்க. நான் ஓட்டிப் பாத்தா, கழுதை, அத்தனை அழகாப் புடிக்குது! பேட்டரி நிறைஞ்சிருந்தா கரண்டு வாங்க இடமிருக்காது, புடிப்பும் வராது. அதனால, "ஃபுல் சார்ஜ் போடறீங்களாக்கா?"ன்னேன். "இல்ல தம்பி, எண்பது பர்சென்ட்டுலதான் நிறுத்தி வெச்சிருக்கேன்"னாங்க. நம்பிட்டேன். கூட வந்த தங்கராசு அண்ணன் என் தோளைத் தட்டிச் சொன்னார்:

"வண்டில ஒண்ணுமில்ல கண்ணு. பொம்பளைங்க ஓட்டினா அது அப்படித்தான்."

சீர்வரிசை

இந்த மாதிரி ஒரு பேச்சைக் கேட்டா எனக்கு வீம்பு வந்துருமுங்க. டயர் காத்தைச் சரி பண்ணினேன். சக்கரத்து சென்சாரை மாத்தினேன். சாஃப்ட்வேரைப் புதுசா ஏத்தினேன். அதுக்கப்பறம் ஒரு வாரம் வண்டி தங்கமா ஓடுச்சு. ஒர்க்ஷாப்புல நான் நெஞ்சை நிமித்திட்டுத் திரிஞ்ச அழகைப் பாத்திருக்கோணும் நீங்க.

எட்டாம் நாள் அக்கா போன் போட்டாங்க, மறுபடியும் அதே வழுக்கல். பிரேக் பெடல் சுவிட்சையும் மாத்தினேன். நாலு நாள் நல்லாயிருந்துட்டு அஞ்சாம் நாள் பழைய குருடி கதவைத் திறடிங்கற கதைதான். எங்க மேனேஜர் ஜாப் கார்டைப் புரட்டிப் பாத்துட்டுக் கேட்டார்:

"ஏப்பா, நீ இந்த வண்டிக்கு வைத்தியம் பாக்கறியா, சீர் செய்யறியா?"

திங்கக்கெழமைக் கெடு

அந்த வாரக் கடைசியில அக்கா தனியா வந்தாங்க. திங்கக்கெழமைக்குள்ள சரியாகலீன்னா வண்டியைக் குடுத்துட்டு டீசல் கார் எடுக்கறதா அண்ணன் சொல்லிட்டாராம். டிரைவருக்கும் ஆள் பாத்தாச்சு. அக்கா சத்தம் போடலீங்க. ஹேண்ட்பேக் வாரைத் திருகிட்டே நின்னாங்க. எனக்கு அவங்களைப் பாத்தா பாவமா இருந்துச்சு, என்மேலயே ஆத்திரமா வந்துச்சு. "திங்கக்கெழமை காத்தால நீங்க வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஊட்டுக்கே வாரேனுங்க்கா"ன்னேன்.

"எப்படியாச்சும் பாரு தம்பி. டிரைவர் வந்துட்டா, அவரு சொல்ற நேரத்துக்குத்தான் அவன் வண்டிய எடுப்பான், நான் கெளம்பி நின்னுட்டு வாசலைப் பாத்துட்டே இருக்கோணும்."

காப்பி டம்ளர்

திங்கக்கெழமை ஏழரைக்கெல்லாம் போயிட்டேன். தங்கராசு அண்ணன் காப்பியும் கையுமா வாங்கன்னார். வண்டியை ஆன் பண்ணினேன். சார்ஜ் நூறு! அக்காவுக்கு மூஞ்சியே மாறிப்போச்சு. "முருகன் சத்தியமா நேத்து எண்பதுதான் வெச்சேன்! வெச்சது வெச்சபடி இருக்கும்னு காத்தால நான் பாக்கறதே இல்ல தம்பி!"

முதல் நாளே பாத்திருக்க வேண்டிய சார்ஜிங் பதிவை அன்னைக்குத்தான் திறந்தேன். திட்டறதா இருந்தா திட்டிக்கோங்க, நான் மடையன்தான். அக்கா ராத்திரி வண்டி ஸ்கிரீன்ல எண்பது வெக்கறாங்க, விடியக்காலம் அஞ்சு மணிக்கு யாரோ போன் ஆப்லருந்து அதை நூறாக்கறாங்க. அந்த ஆப் இருக்கறது ஒரே ஒரு போன்லதான். ஷிப்மென்ட் இருக்கற நாள்ல அண்ணன் நாலு மணிக்கே மில்லுக்கு ஓடிருவார், அந்த அவசரத்துல ஆப்பைத் தொடறதில்ல, அந்த நாளெல்லாம் வண்டியும் ஒழுங்கா ஓடியிருக்குது. மத்த நாள்லயும் மதியத்துக்குள்ள ஓடி சார்ஜ் குறைஞ்சிர்றதால, என்கிட்ட வர்றப்ப புடிப்பு திரும்பிருது. நாங்க ரெண்டு பேரும் அண்ணனைப் பாத்தோம். அவர் காப்பி டம்ளரையே பாத்துட்டு இருந்தார்.

"எண்பதோட நிறுத்தறது பாதிச் சோத்துல எந்திரிக்கச் சொன்னாப்பல இருக்குது கண்ணு. அம்மணி நடுரோட்டுல நின்னுட்டா என்ன பண்றதுன்னு எனக்கு நெம்பப் பயம்."

பக்கத்து சீட்டு

அக்கா திட்டுவாங்கன்னு பாத்தேன், திட்டலீங்க. அவர் போனை வாங்கி என்கிட்ட நீட்டி, அந்த ஆப்பைத் தன் போனுக்கு மாத்தித் தரச் சொன்னாங்க. கெடுவுக்கு ஒரு நாள் வாய்தாவும் வாங்கினாங்க.

அடுத்த நாள் எண்பதுல வண்டி கெளம்புச்சு. அக்கா ஸ்டீயரிங்ல, அண்ணன் பக்கத்துல, நான் பின்னாடி. அவிநாசி பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு மினி பஸ் குறுக்க திரும்புச்சு. அக்கா காலை மட்டும்தான் எடுத்தாங்க. வண்டி பதறாம வேகம் குறைஞ்சு, பஸ்ஸுக்கு வழிவிட்டுட்டுப் போச்சு. அண்ணன்தான் ரெண்டு காலையும் வண்டித் தரையில ஊனி, கைப்பிடியைப் புடிச்சுத் தொங்கிட்டு இருந்தார். அருள்புரம் போய் இறங்கினதும் அந்த டிரைவருக்கு அவரே போன் போட்டு வேண்டாம்னுட்டார். ஆனா அந்தப் பஸ் ஸ்டாண்டுல அக்கா ரோட்டுலருந்து கண்ணை எடுக்காமச் சொன்னதுதான் எனக்கு இன்னும் காதுல இருக்குது:

"ஏனுங்க, அந்தப் பக்கம் பிரேக் இல்லீங்க."

இப்பெல்லாம் புடிப்பு சரியில்லைன்னு எந்த வண்டி வந்தாலும், பானட்டைத் தொடறதுக்கு முன்னாடி, ஊட்டுல யார் மேல யாருக்குப் பாசம் சாஸ்தின்னுதான் முதல்ல விசாரிக்கறேனுங்க.