முகம் இல்லாத சோளப் பொம்மையும் ட்வெய்ட்டாப் பயணமும்

போன ஞாயிறு, நோர்வேயில் நான் இருக்கும் திராமனிலிருந்து ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதிக்குப் போனேன். காரணம், தங்கச்சியின் மகள் அபிரா, எட்டு வயது. வேற்று மக்களின் விளையாட்டுச் சாமான் ஒன்றைத் திங்கட்கிழமை வகுப்பில் காட்டிக் கதைக்க வேண்டும். அவளுக்கு விழுந்தது வட அமெரிக்க இரொக்குவா மக்களின் சோளத்தோல் பொம்மை. "மாமா, செய்யத் தெரியுமோ?" என்று போனில் கேட்டாள்.

"ஓம், ஊரிலை ஆயிரம் செய்தனான்." கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம்.

திராமனில் ஒரு துருக்கிக்காரர் கடையில் தோலோடு நான்கு சோளப் பொத்தி, அறுபது குரோனர். தோலை ஹீட்டரின் மேல் மூன்று நாள் காயவைத்தேன். காலை 10.12 ரயில், நாற்பது கிலோமீற்றர், முப்பத்தைந்து நிமிடம். பக்கத்தில் இருந்த நோர்வேக்காரிக்குப் பொம்மைக் கலையை விளக்கினேன். அசந்துபோய் அடுத்த நிலையத்திலேயே இறங்கிவிட்டார். பிறகு சுரங்க ரயிலில் பன்னிரண்டு நிமிடம், தங்கச்சி வீடு.

தோலை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் துணிபோல மடியும். கட்டி மடித்தால் தலை, சுருட்டினால் கை, விரித்தால் பாவாடை. அபிரா போனில் போட்ட செய்முறை வீடியோவை நான் சும்மா சரிபார்த்தேன். பல தோல்கள் கிழிந்தன, தோல் சரியில்லை. கடைசியில் ஒன்று வந்தது, ராணி மாதிரி! பேனாவால் கண்ணும் மூக்குத்தியும் பொட்டும் வைத்தேன்.

அபிராவின் கண் நிறைந்துவிட்டது. "ஐயோ மாமா! இதுக்கு முகமே இருக்கக்கூடாது. நாளைக்கு நான் அதைத்தான் கதைக்கப்போறன்!"

மிச்சத் தோல் இல்லை. ஞாயிறு, கடையும் பூட்டு.

"ஏன் பிள்ளை, முகம் இருந்தால் என்ன?"

"முதல் பொம்மைக்கு வடிவான முகம் இருந்ததாம். பிள்ளையளோடை விளையாடாமல், தண்ணியிலை தன்ரை முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டதாம். படைச்சவர் முகத்தை எடுத்துப்போட்டார்."

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த தங்கச்சி குரல் கொடுத்தாள்: "அண்ணை, லிஃப்ட் கண்ணாடியிலை மீசை முறுக்கினது ஆர்?"

நான் பொம்மையைக் கையில் எடுத்தேன். கட்டை அவிழ்த்து, தோலை மீண்டும் நனைத்து, உட்பக்கம் வெளியே வரத் திருப்பிக் கட்டினேன். பொட்டும் மூக்குத்தியும் தலைக்குள்ளே போய்விட்டன. அபிரா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "தெரியேல்லை மாமா!" என்று சிரித்தாள்.

செய்யப் போகிறவர்கள் தோலை இரட்டிப்பாகக் கொண்டுபோங்கள். பேனாவை வீட்டில் வையுங்கள். திரும்புவதற்கு 16.09 ரயில் நல்லது. ஆனால் குளிர்காலத்தில் அதற்குள் இருட்டிவிடும், ஜன்னல் முழுக்க உங்கள் முகம்தான் தெரியும். நான் ஒரு தடவைதான் பார்த்தேன்.