நாப்பத்தொரு செக்கன்

என்ரை மகள் றெபேக்காவைப் பற்றித்தான் சொல்லப்போறன். ஆனால் முதலிலை என்னைப் பற்றி ஒண்டு சொல்லவேணும். இல்லாட்டி பிறகு சொல்லுறது ஒண்டும் உங்களுக்கு விளங்காது. நான் பொய்க்காரன். ஒரே பொய்யைப் பத்து வருசமாச் சொன்னவன். "மகள் என்ன செய்யிறா, கிளிபோட்?" எண்டு ஆர் கேட்டாலும், "கொம்பனிக் கப்பலிலை ஒபிசர்" எண்டுவன். சாமான் கப்பல், கோதுமை ஏத்திறது, நாடு நாடாப் போறாள் எண்டு அடுக்கிக்கொண்டே போவன். உண்மை என்னவெண்டால், அவள் கனடா நேவியிலை லெப்டினன்ற்.

"அதிலை என்ன வெக்கம்?" எண்டு நீங்கள் கேப்பியள். நேவி எண்ட சொல்லை எங்கடை ஆக்களுக்கு முன்னாலை ஒருக்காச் சொல்லிப்பாருங்கோ, தெரியும். நான் யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம், ஊர்காவற்றுறை. கடலுக்குப் போன மனுசர் ஏன் திரும்பி வரேல்லை எண்டு கேட்டால், எங்கடை கரையிலை அதுக்கு ஒரு சொல்லுத்தான் மறுமொழி. அது எந்த நாட்டு நேவி எண்டெல்லாம் ஒருத்தரும் பிரிச்சுப் பாக்கிறேல்லை. நானும் பாத்ததில்லை.

தில்லையம்பலம் அண்ணையைச் சொல்லவேணும். அவரும் எங்கடை கரைதான். அவரின்ரை ஒரே பெடியன் ஜனார்த்தன், இருபது வயது, நண்டுவலை எடுக்கப் போனவன். இலங்கை நேவி சுட்டது. காயத்தோடை கன நேரம் தண்ணிக்கை கிடந்தவனாம். பக்கத்திலை தொழில் செய்துகொண்டிருந்த நாலு வள்ளமும் அவனை விட்டிட்டுக் கரைக்கு ஓடி வந்திட்டுது. அண்ணை பிறகு பெண்சாதி தவமணி அக்காவையும் மகளையும் கூட்டிக்கொண்டு கனடாவுக்கு வந்திட்டார். தொண்ணூற்றிமூண்டிலை நான் பனிக்குள்ளை செருப்போடை வந்து இறங்கேக்கை, ஸ்காபரோவிலை தன்ரை பேஸ்மென்றிலை படுக்க இடம் தந்தது அந்த மனுசன்தான். அவருக்கு முன்னாலை நிண்டு "என்ரை மகள் நேவி" எண்டு நான் என்ன வாயாலை சொல்லுறது?

ஆண்டவருக்கும் நல்லாப் பகிடி விடத் தெரியும். றெபேக்காவுக்கு அஞ்சு வயசிலை அஜக்ஸ் எண்ட ஊரிலை வீடு வாங்கினன். ஸ்காபரோவை விட மலிவு, வீட்டுக்குப் பின்னாலை கோடிப்பக்கம் பெரிசு, எனக்குப் பக்கத்து ஊர் விட்பியிலை வேலை. அஜக்ஸ் எண்டது ஒரு போர்க்கப்பலின்ரை பேர் எண்டு எனக்குத் தெரியாது. கனக்கத் தெருவுகளுக்கு அந்தக் கப்பலிலை நிண்ட ஆக்களின்ரை பேர்தான் வைச்சுக் கிடக்கு, எங்கடை தெருவும் அப்பிடித்தான். வீடு காட்டின எங்கடை ஏஜென்றுக்கும் அது தெரியாது. நேவிக்குப் பயந்து உலகத்தின்ரை அந்தப் பக்கத்திலையிருந்து ஓடி வந்தவன், ஒரு நேவிக்காரன்ரை பேரிலை உள்ள தெருவிலை பாத்துப் பாத்து வீடு வாங்கியிருக்கிறன். இப்பிடி ஒரு விசர் வேலையை வேறை ஆர் செய்வினம்?

அதைக் கண்டுபிடிச்சது அவள்தான். அஞ்சாம் வகுப்பிலை, உங்கடை தெருவுக்கு ஏன் இந்தப் பேர் எண்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லிப் பள்ளிக்கூடத்திலை கேட்டவை. அவள் லைபிரரிக்குப் போய்த் தேடி, ஒரு பெரிய மட்டையிலை கப்பலும் கீறி, தெருப் பேருக்குரிய மனுசன்ரை கதையையும் எழுதினாள். சாப்பாட்டு மேசையிலை வைச்சுக் கேட்டாள், "அப்பா, உங்கடை ஊரிலையும் நேவி இருந்ததா?" "இருந்தது" எண்டன். "அவையும் ஆக்களுக்கு ஹெல்ப் பண்ணினவையா?" "சாப்பிடு" எண்டன். அண்டைக்கு அவளுக்கு நான் ஒழுங்கா ஒரு மறுமொழி சொல்லியிருக்கலாம்.

பத்தொன்பது வயசிலை வந்து, நேவிக்கு எழுதிப்போட்டன், எடுத்திட்டினம் எண்டாள். மூண்டு கிழமை நான் அவளோடை கதைக்கேல்லை. "உனக்கு உலகத்திலை வேறை உடுப்புக் கிடைக்கேல்லையோ?" எண்டு கேட்டதோடை சரி. அவள் ஒபிசராகி அணிவகுப்பு நடந்த நாள், நாரிப்பிடிப்பு எண்டு சொல்லி நான் வீட்டிலை படுத்திருந்தன். மனுசி பேர்ணடெற் தனியப் போய், தொப்பியோடை நிண்ட மகளைப் படமெடுத்துக்கொண்டு வந்தா. அதை நான் அலுமாரிக்குள்ளை கம்பளிச் சட்டையளுக்குப் பின்னாலை வைச்சன். ஹோலிலை இண்டைக்கும் கொழுவியிருக்கிறது சின்னனிலை கோயிலிலை எடுத்த அவளின்ரை முதல் நன்மைப் படம்.

என்ரை பொய்யை அவள் முதல் தரம் கேட்டது ஒரு நத்தார் விருந்திலை. பக்கத்திலைதான் நிண்டவள். காரிலை வரேக்கை சொன்னாள், "அப்பா, உங்களுக்கு அதுதான் ஈசி எண்டால், இற்ஸ் ஓகே." எனக்குக் கோவம் வந்தது. அவள் சண்டை பிடிச்சிருந்தால் நானும் பிடிச்சு எங்கையாவது கொண்டுபோய் முடிச்சிருப்பன். அவள் என்னை மன்னிச்சுப் போட்டு ஜன்னலாலை வெளியிலை பாத்துக்கொண்டு வந்தாள்.

போன வருசம் அவளின்ரை கப்பலைச் செங்கடல் பக்கம் அனுப்பினவை. அங்கை சண்டை, சாமான் கப்பலுகளுக்கு ஏவுகணை அடிக்கிறாங்கள். வெளிக்கிட முதல் நாள் அவள் தாய்க்கு விளங்கப்படுத்தினாள். பருப்புப் போத்தல், சீனிப் போத்தல், தேயிலைப் பேணி எல்லாத்தையும் மேசையிலை வரிசையா வைச்சாள். இதுகள் சாமான் கப்பல். முன்னாலை வைச்ச உப்புப் போத்தல் தாங்கள். இப்பிடியே கூட்டிக்கொண்டு போய் இந்து சமுத்திரத்திலை விடவேணுமாம்.

"ஒரு கப்பலுக்கு அடி விழுந்தால் நிப்பியளோ?" எண்டு பேர்ணடெற் கேட்டா.

"நிக்கக் கூடாது அம்மா. நிண்டால் எங்களுக்கும் விழும், மிச்சக் கப்பலுகளுக்கும் விழும். கடைசியா ஒரு கப்பல் வரும், அது ஆக்களைத் தூக்கும்."

நான் சோபாவிலை இருந்து ரீவி பாத்துக்கொண்டிருந்தன். பாத்தது எண்டு பேர், ஒவ்வொரு சொல்லும் காதிலை விழுந்தது.

ஐப்பசியிலை ஒரு சனிக்கிழமை. தில்லையம்பலம் அண்ணையின்ரை பேத்தி அட்சயா பெரியபிள்ளையானதுக்கு, மார்க்கம் எண்ட ஊரிலை பெரிய ஹோலிலை சாமத்தியவீடு. பிள்ளையைப் பல்லக்கிலை கொண்டு வந்து இறக்கி, மேளம் ஓஞ்ச நேரம். நானும் அண்ணையும் முன் வரிசையிலை இருந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறம். என்ரை போன் அடிக்குது. தெரியாத நீட்டு நம்பர்.

"அப்பா, நான் றெபேக்கா. கொஞ்ச நேரம் கதைக்கலாமோ?"

உங்களுக்கு நான் தமிழிலை சொன்னாலும், அவள் எப்பவும் என்னோடை இங்கிலிஷிலைதான் கதைப்பாள், நான் தமிழிலை மறுமொழி சொல்லுவன், எங்கடை வீட்டு வழமை அது. அண்டைக்கு முழுக்கத் தமிழ். அந்த இடத்திலையே எனக்கு உறைச்சிருக்கவேணும். ஆனால் பக்கத்திலை அண்ணை கையைத் துடைச்சுப்போட்டு நீட்டுறார். "ஆர், கப்பல்காரியோ? குடு குடு, நான் ஒருக்காக் கதைக்கிறன்." அவர் எந்தக் கப்பல், எங்கை நிக்கிறாய் எண்டு கேப்பார். அவள் பொய் சொல்லத் தெரியாதவள்.

"ஓம் பிள்ளை, கொம்பனியிலை எல்லாரும் சுகம்தானே? வேலையைப் பார், பேந்து கதைப்பம்" எண்டன். "அப்பா..." எண்டாள் அவள். நான் அண்ணையின்ரை பக்கம் திரும்பி, "லைன் கட்டாப் போச்சு அண்ணை" எண்டு சொல்லிப்போட்டுப் போனை நிப்பாட்டிப் பொக்கற்றுக்கை வைச்சன். நாப்பத்தொரு செக்கன் கதைச்சதா அதிலை கிடந்தது. அவள் பிறகு எடுக்கேல்லை. அந்தக் கப்பலிலை ஒரு ஆளுக்குக் கிழமைக்குப் பத்து நிமிசம்தான் போன் எண்டு எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் வைச்சன்.

மார்கழியிலை வந்தாள். நல்லா மெலிஞ்சு போனாள். கேட்டதுக்கு மறுமொழி சொல்லுவாள், கேக்காட்டி இல்லை. ஒரு நாள் கிங்ஸ்ரன் றோட்டாலை காரிலை வாறம். பஸ் ஒண்டு ஒருத்தனை ஏத்தாமல் வெளிக்கிட்டிட்டுது, அவன் பின்னாலை ஓடி ஓடிக் கையைக் காட்டுறான். "அப்பா நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ" எண்டு என்ரை கையைப் பிடிச்சிட்டாள், கார் ஒருக்கா அலைஞ்சு போச்சு. "உனக்கென்ன விசரோ? அடுத்த பஸ் வரும்தானே?" எண்டு பேசினன். அவள் திரும்பி, அந்த ஆள் மறையும் மட்டும் பின்கண்ணாடியாலை பாத்துக்கொண்டு வந்தாள். அந்தப் போனிலை அவள் என்ன சொல்ல வந்தவள் எண்ட கேள்வி அண்டைக்குத்தான் எனக்குள்ளை முழிச்சது. கேக்கிறதுக்குத்தான் மூஞ்சி இல்லை.

அடுத்த ஞாயிறு தில்லையம்பலம் அண்ணை கூப்பிட்டார். "கப்பல்காரி வந்திட்டாளாம். கூட்டிக்கொண்டு வா, தவமணி கணவாய் வாங்கி வைச்சிருக்கிறாள்." பூசை முடிய, நானும் றெபேக்காவும் அவரின்ரை அப்பார்ட்மென்றுக்குப் போனம். ஹோலுக்குள்ளை ஜனார்த்தன்ரை படம், மாலையோடை. அதுக்குக் கீழைதான் அண்ணையின்ரை கதிரை.

"என்ன பிள்ளை, ஆறு மாதமாக் கடலோ? என்ன ஏத்திக்கொண்டு போனனியள்?"

றெபேக்கா என்னை ஒருக்காப் பாத்தாள். பிறகு அவரைப் பாத்துச் சிரிச்சாள். "கோதுமை, அங்கிள். கொம்பனிக் கப்பல்தானே."

நான் சொன்ன பொய், நான் சொன்ன அதே சொல்லிலை. எனக்காகச் சொல்லுறாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளையைப் பழக்கிப்போட்டன். அந்தச் சிரிப்பை என்னாலை பாத்துக்கொண்டு இருக்கேலாமல் போச்சு.

"இல்லை அண்ணை" எண்டன். "பொய். நான்தான் பத்து வருசமா உங்களுக்குப் பொய் சொன்னனான். இவள் நேவி. கனடா நேவியிலை ஒபிசர்."

குசினிக்குள்ளை தவமணி அக்கா கறி கிளறிற சத்தம் நிண்டது. அண்ணை கையிலை இருந்த தேத்தண்ணியை மெதுவா மேசையிலை வைச்சார். என்னை அவர் பாக்கேல்லை, அவளைத்தான் பாத்தார். ஒண்டே ஒண்டு கேட்டார்.

"ஆரையும் சுட்டனியோ, பிள்ளை?"

"இல்லை அங்கிள்" எண்டாள். "விட்டிட்டு வந்தனான்."

பிறகு சொன்னாள். அவளுக்குத் தெரிஞ்ச தமிழிலை, தட்டித் தட்டிச் சொன்னாள். அஞ்சு சாமான் கப்பல், மூண்டாவதுக்கு அடி விழுந்து எரியுது. ஆக்கள் ஒரு ரப்பர் மிதவையிலை இறங்கிட்டினம். நேவிக் கப்பலை ஓட்டிறது அந்த நேரம் அவளின்ரை முறை. வேகத்தைக் குறைக்காதை எண்டு கப்ரின் சொல்ல, அந்தக் கட்டளையை வாய் திறந்து குடுத்தது அவள். இவையின்ரை கப்பல் மிதவைக்குப் பக்கத்தாலை போச்சாம். மிதவையிலை இருந்தவை கையைக் காட்டினவையாம். இவள் தூரக்கண்ணாடி வைச்சு எண்ணினவளாம், ஏழு பேர். கடைசிக் கப்பல் வந்து தூக்கேக்கை மூண்டு பேர்தான் இருந்தவை.

"ரூல் அதுதான் அங்கிள். நான் பிழை செய்யேல்லை எண்டு எல்லாரும் சொல்லுகினம். பட் அவை என்னைப் பாத்தவை."

அண்ணை தலைக்கு மேலை இருந்த படத்தைத் திரும்பிப் பாக்கேல்லை. பாக்காமலே கையை மேலை காட்டினார்.

"இவனை விட்டிட்டு நாலு வள்ளம் வந்தது. அவங்கள் நிண்டிருந்தால் அவங்களும் செத்திருப்பாங்கள், அது எனக்குத் தெரியாதே? ஆனால் முப்பது வருசத்துக்கு மேலை போச்சு, பிள்ளை. ஒருத்தன் வந்து, விட்டிட்டு வந்தனான் எண்டு என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லேல்லை. சந்தையிலை கண்டாலும் மற்றப் பக்கத்தாலை போவாங்கள்." தேத்தண்ணிக் கோப்பையைத் திரும்பக் கையிலை எடுத்தார். "நீ இரு. இருந்து சாப்பிட்டிட்டுப் போ."

அவர் எழும்பிக் குசினிக்குள்ளை போட்டார். நானும் அவளும் மட்டும். அப்பத்தான் எனக்குக் கேக்க வாய் வந்தது.

"எப்ப நடந்தது?"

"ஐப்பசி. அட்சயாவின்ரை பங்ஷனுக்கு முதல் நாள்."

"அதுக்குத்தானோ எனக்கு எடுத்தனி?"

"ஓம். கப்பலுக்குள்ளை போன் ஆக்கள் போய்வாற நடையிலை இருக்கு. பின்னாலை லைனா ஆக்கள் நிப்பினம். இங்கிலிஷிலை சொல்லேலாது, அவைக்குக் கேக்கும். தமிழிலைதான் சொல்லலாம். தமிழிலை சொல்ல எனக்கு வேறை ஆரும் இல்லையே, அப்பா."

"லைன்..." எண்டு தொடங்கினன், அந்த வெக்கங்கெட்ட பழக்கத்திலை.

"நீங்கள் லைன் கட்டாப் போச்சு எண்டு சொல்லேக்கை லைன் கட்டாகேல்லை அப்பா. எனக்குக் கேட்டது. அதுக்குப் பிறகுதான் கட்டானது."

"பிறகு என்ன செய்தனி? மிச்ச ஒம்பது நிமிசமும்?"

"போனைக் காதிலை வைச்சுக்கொண்டு நிண்டனான். உடனை வைச்சால் பின்னாலை நிக்கிறவை ஏன் எண்டு கேப்பினம்தானே. அதாலை கதைச்சுக்கொண்டு நிண்டனான். ஓம் அப்பா, சரி அப்பா, நான் சாப்பிட்டிட்டன் அப்பா எண்டு."