மெகருன்னிசா இடம் விட்ட பக்கம்

வெள்ளிக்கிழமை காலை பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்து எனக்கு ஃபோன் என்று கூப்பிட்டார்கள். மறுமுனையில் மெகருன்னிசாவின் தம்பி. "கஸ்தூரிக்கா, மெகரு அக்கா மவுத்தாயிட்டாங்க. ஜும்மா முடிஞ்சதும் எடுத்துருவாங்க, சீக்கிரம் வாங்க" என்றான். நான் உடனே கிளம்பவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடினேன். அதில் ஒரு மணி நேரம் போயிற்று. சாவுச் செய்தி கேட்டவள் செய்கிற வேலையா அது? நம் பள்ளியில் அவளோடு படித்த உங்களுக்காவது நான் பதில் சொல்லியாக வேண்டும்.

உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளிக்கிழமைகளில் கடைசி இரண்டு பீரியட் மன்றங்களுக்கு. மெகரு தமிழ் மன்றச் செயலாளர், நான் ஓவிய மன்றம். இரண்டும் சேர்ந்து மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை கொண்டு வந்தோம். ஒரே பிரதிதான், நூலக மேசையில் கிடக்கும். எல்லோரும் கிறுக்கித் தருவதை மெகரு மையில் அழகாகப் பிரதி எடுப்பாள். படத்துக்கு ஒரு கட்டம் விட்டு, அதற்குள் என்ன வரைய வேண்டும் என்று பென்சிலில் பொடி எழுத்தில் எழுதி வைப்பாள். நான் படித்துவிட்டு, ரப்பரால் அழித்து, அந்த இடத்தில் வரைவேன். "ஆட்டுக்குட்டி. கொம்பு வேண்டாம்." "மாமாவுக்கு மீசை பாதி போதும்." தையல்காரர் மகள் அல்லவா, அளவு கொடுக்காமல் அவளுக்கு ஒன்றும் ஓடாது.

ஒருமுறை திருநீர்மலை பற்றி ஒரு கட்டுரை வந்தது. நான் கோயிலை மனம்போனபடி வரைந்து வைத்தேன். பார்த்தவள் உதட்டைப் பிதுக்கினாள். "படி எந்தப் பக்கம் திரும்புதுன்னு தெரியாம இன்னாத்துக்குடி வரையற?" சனிக்கிழமை என்னை பஸ்ஸில் ஏற்றி அழைத்துப் போய் மலையடியில் நிறுத்தினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. நான் வரைந்து முடிக்கும்வரை தன் தாவணியை என் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். என் படத்தை என்னைவிட மதித்தவள் அவள் ஒருத்திதான்.

அப்படிப்பட்டவளுக்கு நான் செய்தது இது. பத்தாம் வகுப்பில், விழா மேடையில் தலைமையாசிரியை பத்திரிகையைத் தூக்கிக் காட்டி, "எழுத்து முத்து முத்தா இருக்கு" என்று மெகருவை மெச்சினார். படங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பொச்சரிப்பு, வேறென்ன. அடுத்து, அதே போல ஒரு நோட்டில் நாங்கள் கையால் தயாரித்த ஆண்டு மலரில் மெகரு முதல்முறையாகத் தானே ஒரு கதை எழுதியிருந்தாள். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் காத்து நிற்கும் ஒரு பெண்ணின் கதை. மற்ற எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டு அந்த ஒன்றை மட்டும் வேண்டுமென்றே வெறுமையாக விட்டேன். "இது ஏன் மொட்டையா இருக்கு?" என்று கேட்டார் தலைமையாசிரியை. "என் தப்பு டீச்சர், லேட்டா சொன்னேன். படம் வரும்" என்றாள் மெகரு. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

பரீட்சை முடிந்ததும் அவள் அப்பா தையல் கடையைப் படப்பைக்கு மாற்றிவிட்டார். போவதற்கு முன் பஸ் ஸ்டாண்டில் அந்த ஆண்டு மலரை என் கையில் திணித்தாள். "அந்த ஒண்ண முடிச்சுட்டுக் குடு. அவசரமில்ல." வெட்கத்தில் நான் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. எங்கே பார்த்தாலும் "இன்னா, படம் வருமா?" என்று சிரிப்பாள். "வரும்" என்பேன். பத்து வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடிவிட்டது. கிண்டியில் டிராஃப்ட்ஸ்மேன் வேலையில் சேர்ந்து ஊரில் உள்ள இயந்திரத்தையெல்லாம் வரைந்து தள்ளினேன்.

இரண்டு மாதம் முன்பு, சிறுநீரகம் கெட்டு குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். முகம் வீங்கி அடையாளமே தெரியவில்லை. அவளேதான் பேச்சை எடுத்தாள். "ஏய், இப்பயாச்சும் முடிப்பியா? முழுசா ஒரு வாட்டி பாத்துட்டா போதும்டி." ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன் என்றேன். அந்த ஞாயிறு ஓவர்டைம். அடுத்த ஞாயிறு விருந்தாளிகள். அதற்கடுத்த ஞாயிறு தலைவலி. பெரிய காரணம் ஏதாவது இருந்தால் சொல்லித் தப்பித்திருப்பேன், ஒன்றும் இல்லை. அவளுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை படப்பை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் விரித்தேன். அவளை எடுப்பதற்குள் வரைந்துவிட வேண்டும், மூடிய கண்ணுக்கு முன்னாலாவது காட்டிவிட வேண்டும். புத்தி பேதலித்துத்தான் இருந்தது. படிக்காமலே, பழக்கதோஷத்தில் ரப்பரை வைத்துத் தேய்த்தேன். இரண்டு எழுத்து போன பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. "மேம்பாலம். ரயில் வேண்டாம், உனக்கு ரயில் வராது" என்று அவள் எழுதியிருந்ததில் "மேம்" போய்விட்டது. அதற்குக் கீழே, நான் அதுவரை பார்த்திராத இன்னொரு வரி. புத்தகத்தை என்னிடம் கொடுப்பதற்கு முன் எழுதியிருக்க வேண்டும். "கோபம் தீர்ந்ததும் வரை."

நான் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த புக்கு முடிஞ்சிச்சாம்மா? அதையே சொல்லிகினு இருந்தா" என்று கேட்டார். புத்தகம் இருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

கொடுத்த வாக்கு, இப்போதாவது வரைந்துவிடு என்கிறார்கள் வீட்டில். வரைவதென்றால் மிச்சமிருக்கும் அவள் எழுத்தையும் என் கையாலேயே அழிக்க வேண்டும். என்னால் ஆகாது. அவளுடையது என்று என்னிடம் இருப்பது அந்தப் பக்கம்தான், அதுவும் இரண்டு எழுத்துக் குறைவாக. வரும் என்று அவள் தலைமையாசிரியையிடம் எனக்காகச் சொன்ன படம் இனி வராது.

மெகரு, கோபம் அந்த வருஷமே தீர்ந்துவிட்டதடி. உன்னிடம் வந்து சொல்லத்தான் இல்லை.